முத்திரை இல்லாத கருவி மட்டமான கருவியா?

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போதும், கொட்டகையைப் பிரித்து மேயும்போதும் பழைய கைக்கருவிகள் வெளியே வருகின்றன. காம்பு போன மண்வெட்டி, துருவேறிய கோடரி, தேய்ந்த களைக்கொத்து, பாட்டன் காலத்துக் கடப்பாரை ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் கம்பெனிப் பெயரோ முத்திரையோ இருப்பதில்லை. ஆகவே இவை மட்டமானவை என்று எண்ணி, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவோர் பலர். இது சிறு விவசாயிக்கு நஷ்டம் தரும் வழக்கமாகும்.

முத்திரை இல்லாததற்குக் காரணம் எளியது. ஊர்க் கொல்லருக்கு அது தேவைப்படவில்லை. செய்தவர் இன்னார் என்பது ஊருக்கே தெரியும். பல ஊர்களில் அவருக்குக் கூலி, அறுவடைக் களத்தில் அளந்த நெல்தான். வாய் மடங்கினால் கருவி மறுநாளே அவருடைய பட்டறைக்குத் திரும்பி வந்துவிடும். இதைவிடப் பெரிய உத்தரவாதம் எந்த முத்திரையிலும் இல்லை.

கருவியின் மதிப்பு அதன் வாயில் இருக்கிறது. சாதாரண மெல்லிரும்பில் கார்பன் 0.25 சதவீதத்துக்கு மேல் இராது. வெட்டும் வாய்க்கு ஏற்ற எஃகில் அது ஏறத்தாழ 0.5 முதல் 0.8 சதவீதம் வரை இருக்கும். எஃகு விலை கூடியது என்பதால், உடலை இரும்பில் அடித்து வாயில் மட்டும் எஃகை வைத்துப் பற்றவைப்பது பழைய கொல்லர்களின் முறை. எடைக்கு வாங்கும் கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே விலைதான் தருவார்.

எஃகு வாய் உள்ள கருவியை அடையாளம் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. முதலில் அரத்தால் கருவியின் முதுகிலும் வாயிலும் தேய்த்துப் பார்க்க வேண்டும். முதுகில் நன்கு பிடிக்கும் அரம் வாயில் வழுக்கினால், அல்லது சிரமப்பட்டே பிடித்தால், அங்கே தோய்ச்சல் ஏறிய எஃகு இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, வாயை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்குத் துருவை நீக்கி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, கெட்டியான புளிக்கரைசலையோ எலுமிச்சைச் சாற்றையோ தடவி அரைமணி நேரம் விட வேண்டும். எஃகு கருக்கும், இரும்பு வெளிறி நிற்கும். இரண்டும் சேருமிடத்தில் ஒரு கோடு தெரிந்தால், அது எஃகு வைத்துப் பற்றவைத்த கருவி.

மூன்றாவது சோதனை சாணைக்கல்லில். மெல்லிரும்பின் பொறி நீளமாக, நேராக, அதிகம் கிளைக்காமல் ஓடும். எஃகின் பொறி குட்டையாக, மத்தாப்பூப்போல் கிளைத்துச் சிதறும். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது.

துரு அரித்த இடத்தில் மரத்தின் நார்போல நீளவாட்டில் கோடுகள் தெரிந்தால் அது பழைய தேனிரும்பு. அதன் வாய் தேய்ந்திருந்தாலும் கைதேர்ந்த கொல்லர் புதிய எஃகு வைத்துத் தர முடியும். உடல் முழுவதும் ஒரே கனமாகவும் கடினமாகவும் இருந்தால் லாரி வில்பட்டையில் அடித்ததாக இருக்கலாம். அரிவாளுக்கு அதுவும் நல்ல எஃகே.

நல்ல கருவியைக் கெடுப்பவை இரண்டு. துளையில் சிக்கிய காம்பை எடுக்கப் பலர் கருவியை நெருப்பில் போடுகின்றனர். வாய்க்குச் சூடு ஏறினால் தோய்ச்சல் போய்விடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. காம்பை அறுத்து, மீதி மரத்தில் துளைபோட்டுத் தட்டி எடுப்பதே முறை. மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடிப்பது மற்றொன்று. விளிம்பு நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரி சென்டிகிரேடை எட்டிவிட்டது என்று அறியலாம். அடிக்கடி தண்ணீரில் நனைத்து, மெல்லத் தீட்ட வேண்டும்.

பழையது எல்லாம் தங்கம் என்று சொல்வதற்கில்லை. காம்புத் துளையில் விரிசல் கண்ட மண்வெட்டியும் கோடரியும் வேலையின்போது கழன்று விழுந்து ஆளைக் காயப்படுத்தும். எஃகு முழுவதும் தேய்ந்துபோன களைக்கொத்தினால் பயனில்லை. இவற்றைத் தயங்காமல் எடைக்குப் போடலாம். ஆனால் சோதித்த பிறகே போட வேண்டும். மழுங்கும் கருவியால் மிச்சமாகும் காசைவிட, அது விழுங்கும் ஆள்கூலி அதிகம்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. அவ்வளவு பழமையான தொழிலறிவு இன்று வயதான சில கொல்லர்களின் கையில்தான் மிஞ்சி நிற்கிறது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. உழவர் விழாக்களிலும் வேளாண் கண்காட்சிகளிலும் புதிய இயந்திரங்களுக்கு இடம் ஒதுக்குவதுபோல், ஒரு கொல்லருக்கும் உலை போட இடம் தர வேண்டும். உழவர்கள் தங்கள் கருவிகளைக் கொண்டுவந்து காட்டித் தரம் அறிந்து, வாய் தட்டிச் செல்ல அது வழி செய்யும்.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் ஒன்று செய்யலாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, எந்தக் கருவி எந்த ஊர்ப் பட்டறையில் அடித்தது என்பதைக் காம்பில் செதுக்கி வைக்கலாம். கொல்லர் வைக்காத முத்திரையை உழவரே வைத்ததாகும். பேரனும் அதை எடைக்குப் போடமாட்டான்.