பேச்சிப்பாறைக்குப் போகும்போது கறிச்சட்டியை மூடி வைக்க வேண்டுமா?



இந்த வருடக் கூடுகையைப் பேச்சிப்பாறை அணைக்கரையில் வைப்பது என்று முடிவாகிவிட்டது. நாள் குறித்தாயிற்று, வண்டியும் பேசியாயிற்று. சாப்பாடுதான் இன்னும் முடிவாகவில்லை. "கிழங்கும் பீஃபும் வைப்போம்" என்று குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் சொல்ல, "சிலருக்குச் சங்கடமாக இருக்கும், வேண்டாம்" என்று தோவாளை, சுசீந்திரம் பக்கத்துப் பிள்ளைகள் சொல்ல, மூன்று நாளாக வாட்ஸ்அப் குழுவில் ஒரே சத்தம். கடைசியில் ஒருவர், "ஃப்ரைடு ரைசும் நூடுல்ஸும் போதும், யாருக்கும் பிரச்சினை இல்லை" என்று தீர்ப்பு எழுதினார். "டீச்சர் என்ன சொல்றீங்க?" என்று என்னையும் இழுத்துவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுமையாக வாசியுங்கள் மக்களே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. எங்கள் வீட்டில் உழவு மாடு நின்றது. வயலில் உழுது, வண்டியும் இழுத்த மாட்டைத் தின்ன மனம் வராது என்பார் அப்பா. அந்தப் பழக்கம் எனக்கும் நின்றுவிட்டது. அது எனக்குப் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. இருந்தாலும் கூடுகையில் மாட்டுக்கறி வைக்க வேண்டும், அதுவும் வெளிப்படையாக வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

நம் மாவட்டம் சின்னது. ஆனால் சாப்பாட்டில் இரண்டு நாடு. கிழக்கே நாஞ்சில் நாடு, நெல்வயல், உழவு மாடு, சோறு, குழம்பு. மேற்கே கல்குளம், விளவங்கோடு, மலைச்சரிவு, ரப்பர், மரச்சீனி. மரச்சீனி இங்கே பரவியதற்கு விசாகம் திருநாள் மகாராஜாவைச் சொல்வார்கள். அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரை. ஏழைகளின் பசிக்கு உதவும் என்று அந்தக் கிழங்கை ஊக்குவித்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்தப் பஞ்சத்தில் திருவிதாங்கூரைத் தாங்கியது இந்தக் கிழங்குதான். கிழங்கில் மாவு மட்டும்தான் உண்டு, புரதம் மிகக் குறைவு. கூடவே மீனோ இறைச்சியோ வேண்டும். கடற்கரையில் சாளை மீன் கிடைத்தது. மலையோரத்தில், கைக்கு எட்டும் விலையில் மாட்டிறைச்சி கிடைத்தது. இன்றைக்கும் ஆட்டிறைச்சி விலையில் ஏறக்குறையப் பாதிதான் அது. ரப்பர் பால் வெட்ட விடியுமுன் போகிறவனுக்கு அது ஆடம்பரம் இல்லை, உடம்பைத் தாங்கும் சாப்பாடு.

அதில் ஒரு கைப்பக்குவமும் இருக்கிறது. கிழங்கை வேகவைத்து முதல் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும், பச்சைக் கிழங்கில் நஞ்சாக மாறும் பொருள் உண்டு. பிறகு தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் அரைத்துச் சேர்த்து மயக்குவார்கள். கறிக்குத் தேங்காயையும் மல்லியையும் மிளகையும் வறுத்து அரைப்பார்கள். தேங்காய்க்கொத்து, கறிவேப்பிலை போட்டு, தண்ணீர் வற்றும்வரை விடுவார்கள். சாப்பிடாத எனக்கே இவ்வளவு தெரிகிறது என்றால், எத்தனை பிள்ளைகள் வீட்டுக்கு நான் போயிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அணைக்கு வருகிறேன். மூலம் திருநாள் ஆட்சியில், மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயரை வைத்து, 1897 முதல் 1906 வரை பேச்சிப்பாறை அணையைக் கட்டினார்கள். அவரது கல்லறையும் அணைப்பக்கம்தான் இருக்கிறது. கோதையாற்று நீரை அங்கே மலைக்கு நடுவில் நிறுத்தி, கால்வாய் வழியாகக் கிழக்கே கொண்டுவந்தார்கள். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நாம் எதிர்பார்த்து நிற்பது அந்தத் தண்ணீரைத்தான். கிழங்கு தின்கிறவர்களின் மலையில் தேங்கும் தண்ணீரில்தான் சோறு தின்கிறவர்களின் வயல் விளைகிறது. நம் வயலுக்குத் தண்ணீர் அனுப்பும் ஊருக்கு விருந்துக்குப் போய், "உங்கள் சாப்பாடு எங்கள் கண்ணில் படக் கூடாது" என்பது என்ன நியாயம்?

தைவானில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் போன மாதம் எனக்குப் படம் அனுப்பினார். சுற்றிலும் மலை, நடுவில் சூரிய சந்திர ஏரி, கையில் ஒரு கிண்ணம் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப். "டீச்சர், நம்ம பேச்சிப்பாறை மாதிரியே இருக்கு" என்று எழுதியிருந்தார். நான் தேடி வாசித்தேன். பழைய தைவான் விவசாயிகளும் மாட்டிறைச்சி தின்னமாட்டார்களாம். காரணம் என் அப்பா சொன்னதேதான், உழும் மாடு. 1949இல் சீனாவிலிருந்து சிப்பாய்களும் அவர்கள் குடும்பங்களும் லட்சக்கணக்கில் அங்கே குடியேறினார்கள். அதன்பிறகு பரவியதுதான் இந்த சூப். இன்றைக்கு அந்த நாட்டுக்கே அடையாளமான சாப்பாடு அது. தின்னாத முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு நூடுல்ஸ் கிடைக்கிறது. ஒருவர் கிண்ணத்தை ஒருவர் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த ஏரிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1934இல் ஜப்பானியர் மின்சாரத்துக்காக அதில் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியபோது, தாவோ என்ற பழங்குடியினரின் நிலமும் அவர்கள் கும்பிட்ட தீவின் பெரும்பகுதியும் மூழ்கிப்போயின. நமக்கு அழகாகத் தெரியும் நீருக்குக் கீழே யாரோ ஒருவருடைய ஊர் கிடக்கும். பேச்சிப்பாறைக் காட்டில் இன்றும் காணி மக்கள் வாழ்கிறார்கள். நீர்த்தேக்கத்தைப் படகில் தாண்டித்தான் வெளியே வரும் குடியிருப்புகளும் உண்டு. நாம் அங்கே ஒருநாள் விருந்தாளிகள், அவ்வளவுதான்.

இனி இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கான காரணம். 36 வருடம் வகுப்பறையில் மதியச் சாப்பாட்டைப் பார்த்தவள் நான். டப்பா மூடியை முக்கால்வாசி மூடிக்கொண்டு, அந்த இடுக்கில் விரலை விட்டு உருட்டித் தின்னும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "என்ன கறி?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்டால் "ஆடு" என்று சொல்லும். ஆடு வாங்க அந்த வீட்டில் வழி கிடையாது என்று எனக்குத் தெரியும். அம்மா சமைத்ததை மறைக்க ஒன்பது வயதில் பொய் சொல்லப் பழகுகிறது பிள்ளை. ஒரு பள்ளியில், ஒரு தாயைக் கூப்பிட்டு, "இனி இதைக் கொடுத்துவிடாதீர்கள், வாடை அடிக்கிறது" என்றார்கள். அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் அந்தப் பிள்ளைக்கு வெறும் சோறும் ஊறுகாயும். நான் போய்ச் சண்டை போட்டேன். ஒன்றும் மாறவில்லை. அன்று டப்பாவை மூடிக்கொண்டு தின்ற பிள்ளைகளில் சிலர் இந்தக் கூடுகைக்கும் வருகிறார்கள். அவர்கள் 40 வயதிலும் மூடிக்கொண்டு தின்ன வேண்டுமா?

"யாருக்கும் பிரச்சினை இல்லாத சாப்பாடு" என்று சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் விட்டுக்கொடுப்பது எப்போதும் ஒரே பக்கம்தான். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டு பிரியாணியை விட்டுவிட்டார்கள். எதிர்ப்பு வந்தது, விழாவே தள்ளிப்போனது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் விளக்கம் கேட்டது. அதே ஆகஸ்ட்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவில் மாட்டு பிரியாணிக்கும் கடை போட்டார்கள். தின்கிறவர்கள் தின்றார்கள், மற்றவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். சட்டமும் நம் மாநிலத்தில் யாரையும் தின்னக் கூடாது என்று சொல்லவில்லை. எந்த மாட்டை அறுக்கலாம் என்பதற்குத்தான் 1958ஆம் ஆண்டுச் சட்டம் விதி வைத்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பசுவைத் தெய்வமாகக் கும்பிடுகிற பிள்ளைகளும் என் மாணவர்கள்தான். அவர்கள் மனம் நோக, "ஒரு துண்டு தின்னு பார்ப்போம்" என்று கேலி செய்வதும், கரண்டியை மாற்றிப் போடுவதும், தட்டருகே கொண்டுபோய் நீட்டுவதும் வேண்டாம். அதுவும் அந்த டப்பா மூடியைப் போன்ற கொடுமைதான். தின்கிறவனுக்கு வெட்கமும் தின்னாதவனுக்குப் பயமும் இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவே.

ஆகவே என் யோசனை இது.

கிழங்கும் மாட்டுக்கறியும் ஒரு மேசையில். சோறு, பருப்பு, சாம்பார், அவியல் இன்னொரு மேசையில். பாத்திரமும் கரண்டியும் தனித்தனி, பரிமாறுகிறவரும் தனி. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். உட்கார்ந்து சாப்பிடுவது மட்டும் எல்லோரும் ஒன்றாக.

நாகர்கோவிலில் இருந்து ஃப்ரைடு ரைஸ் கட்டிக்கொண்டு போக வேண்டாம். அந்த ஊர்ப் பெண்களிடமும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளிடமும் முன்கூட்டியே சொல்லி, முன்பணம் கொடுத்து சமைக்கச் சொல்லுங்கள். நாம் செலவழிக்கும் காசு அங்கேயே தங்கட்டும்.

எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டு போங்கள், அல்லது வாழையிலை. பிளாஸ்டிக்கோ எலும்போ அணைத் தண்ணீரில் விழக் கூடாது. அந்தத் தண்ணீர்தான் கீழே நம் வயலுக்கு வருகிறது.

நான் சாம்பார் மேசையில் இலை போட்டு உட்காருவேன். பக்கத்தில் யார் எதைத் தின்றாலும் எனக்கு ஒன்றுமில்லை. மூடி மட்டும் திறந்திருக்கட்டும் மக்களே.

எல்லோரும் நலமாக இருங்கள். கூடுகையில் பார்ப்போம்.

உங்கள் டீச்சர்