குளம் வெட்டுமுன் ஒரு வார்த்தை

நீச்சல் குளம் என்றதும், "அதெல்லாம் பெரிய பங்களாக்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போதோ, சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுகிறவர்கள்கூட, "ஓரமாக ஒரு குளமும் இருக்கட்டுமே, குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள்!" என்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். இந்த வெயிலில் தண்ணீரில் இறங்க யாருக்குத்தான் பிடிக்காது?

வீட்டுக்காரர் படப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து, "எந்தக் குளம் வேண்டும், சொல்" என்பார். எல்லாப் படத்திலும் தண்ணீர் நீலமாக, நிறையத் தளும்பிக் கொண்டிருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். புடவை எடுக்கப் போனால் முந்தானையை மட்டுமா பார்க்கிறோம்? உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறோம், கசக்கிப் பார்க்கிறோம், சாயம் போகுமா என்று கேட்கிறோம் அல்லவா? குளத்தையும் அப்படித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முதலில் வகைகளைச் சொல்லி விடுகிறேன். முக்கியமானவை மூன்று.

ஒன்று, கான்கிரீட் குளம். குழி வெட்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, மேலே பூசி டைல் ஒட்டுவது. எந்த வடிவத்திலும் கட்டலாம்; எந்த மூலையிலும் அடக்கலாம். நன்றாகக் கட்டினால் பல்லாண்டு உழைக்கும். ஆனால் பொறுமை வேண்டும். கான்கிரீட் இறுகுவதற்கே 28 நாள் கணக்கு. வேலை முழுதும் முடிய மாதங்கள் ஆகும். பூச்சிலும் டைல் இடுக்கிலும் பாசி பிடிக்கும். அதை விடாமல் தேய்க்க வேண்டும். தேய்க்கப் போவது யார் என்பதை இப்போதே பேசி வைத்துக் கொள்வது நல்லது!

இரண்டாவது, வினைல் விரிப்புக் குளம். சுற்றிலும் உலோகத் தகடு அல்லது பிளாஸ்டிக் பலகையால் சுவர் நிறுத்தி, உள்ளே கெட்டியான வினைல் விரிப்பைப் பொருத்துவார்கள். முதல் செலவு குறைவாக முடியலாம். கால் வைத்தால் மெத்தென்று இருக்கும். ஆனால் விரிப்பு நிரந்தரமல்ல. ஏறத்தாழப் பத்து வருஷத்துக்கொரு முறை மாற்ற வேண்டிவரும். கூரான பொம்மையோ நாய் நகமோ பட்டால் கிழியும்.

மூன்றாவது, ஃபைபர் கிளாஸ் குளம். தொழிற்சாலையிலேயே ஒரே தொட்டியாக வார்த்து, லாரியில் கொண்டு வந்து, கிரேனால் குழியில் இறக்குவார்கள். சில நாட்களில் பொருத்திவிடலாம். வழவழப்பாக இருப்பதால் பாசி எளிதில் ஒட்டாது. தேய்க்கும் வேலை குறைவு. ஆனால் அவர்களிடம் உள்ள அளவும் வடிவமும்தான் கிடைக்கும். உங்கள் தெருவின் அகலம், மேலே போகும் மின்சாரக் கம்பி, பக்கத்து வீட்டு மாமரம் எல்லாம் அதற்குச் சம்மதிக்க வேண்டும்!

சரி, இவற்றில் எது நல்லது? அதைத் தீர்மானிக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: வறண்ட நாளில் என்ன செய்வது? இருபது அடி நீளம், பத்தடி அகலம், நாலடி ஆழம் என்று அடக்கமாகவே ஒரு குளம் வெட்டுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். அதில் 800 கன அடி தண்ணீர் பிடிக்கும். அதாவது சுமார் 22,650 லிட்டர். நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைத்துத் திட்டமிடுகிறார்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இது நாற்பது நாள் தண்ணீருக்கு மேலேயே ஆகிறது. வெயிலில் தினமும் கால் அங்குலம் ஆவியானால், அதுவே 118 லிட்டர். ஏறக்குறைய ஒரு விருந்தாளி நிரந்தரமாக வந்து தங்கியிருப்பது போல! குளிக்காத நேரத்தில் மூடி போட்டு வைத்தால் இந்த நஷ்டம் வெகுவாகக் குறையும். ஆழத்தில் ஓரடி குறைத்தால் 5,660 லிட்டர் மிச்சம். நீந்துவதற்கு நாலடி தாராளம். தலைகீழாகப் பாய்வதற்கு மட்டும் அது போதாது. அந்த விளையாட்டை வீட்டுக் குளத்தில் அடியோடு தடுத்துவிடுங்கள்.

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தோடு தெருவில் நின்றார்களே, நினைவிருக்கிறதா? அத்தகைய நாளில் குளத்தை நிரப்ப யாருக்கு மனம் வரும்? காலியாகத்தான் கிடக்கும். காலியாகக் கிடந்தால் எந்தக் குளமும் சௌக்கியமாக இராது. வினைல் விரிப்பு வெயிலில் காய்ந்து சுருங்கும்; டைல் பெயர ஆரம்பிக்கும். ஆகவே நிரப்ப முடிகிற அளவுக்கே வெட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி: மழை நாளில் என்ன ஆகும்? காலிக் குடத்தை அண்டாத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். கையை எடுத்ததும் மேலே கிளம்பிவிடும். குளமும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறும்போது தொட்டி காலியாக இருந்தால், கீழேயுள்ள நீர் அதைத் தூக்கப் பார்க்கும். இலேசான ஃபைபர் கிளாஸ் தொட்டிக்கு இந்த ஆபத்து அதிகம். வினைல் விரிப்பு புடைத்துக் கொள்ளும். கான்கிரீட்கூடத் தப்பிவிடும் என்று சொல்ல முடியாது. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. உங்கள் மனையில் மழைக் காலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று முதலில் விசாரியுங்கள். அடியிலே வடிகாலும், நீரின் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வும் வைக்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று மழைக் காலத்தில் குளத்தை வடிக்க விடாதீர்கள்.

"மொட்டை மாடியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே?" என்பீர்கள். நாலடித் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 1,200 கிலோவுக்கு மேல் கனக்கும். சாதாரண வீட்டுத் தளம் சுமார் 200 கிலோவைத் தாங்கும் கணக்கில் கட்டப்படுவது. கட்டிட எஞ்சினீயர் சம்மதிக்காமல் மாடியில் ஒரு வாளிக்கு மேல் யோசிக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது: யாரும் பார்க்காத நேரத்தில் குளம் என்ன செய்யும்? நீங்கள் அடுப்படியில் தாளித்துக் கொண்டிருக்கிறீர்கள். அவர் டெலிபோனில் பேசிக் கொண்டிருக்கிறார். தவழுகிற குழந்தை வாசற்படி தாண்டிவிட்டது. குழந்தை தண்ணீரில் விழுந்தால் கூக்குரல் கேட்கும் என்று நம்பியிருக்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது. 2021-ல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தை.

ஆகவே நாலு பக்கமும் நாலடி உயரத்துக்குக் குறையாமல் வேலி வேண்டும். வீட்டுச் சுவரையே ஒரு பக்கமாக வைத்துக் கொண்டு, பின்கதவு நேரே குளத்தில் திறப்பது கூடாது. வேலிக் கதவு தானே மூடி, தானே தாழிட்டுக் கொள்ள வேண்டும்; தாழ் குழந்தைக்கு எட்டக் கூடாது. பக்கத்தில் ஏறி நிற்க ஸ்டூலோ பூந்தொட்டியோ வேண்டாம். மூடி போட்டிருக்கிறோமே என்று வேலியை விட்டுவிடாதீர்கள். தண்ணீரை மூடுகிற துணி குழந்தையைத் தாங்குவதில்லை.

நீளப் பின்னல் உள்ள பெண்கள் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பம்பு தண்ணீரை இழுக்கும் அடித் துவாரத்தில் தலைமயிர் சிக்கிக் கொள்ளும் அபாயம் உண்டு. இந்த விபத்துகளைத் தடுக்க அமெரிக்காவில் 2007-ல் ஒரு சட்டமே போட்டார்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு துவாரம், அவற்றின் மேல் புடைத்த பாதுகாப்பு மூடி, சட்டென்று பம்பை நிறுத்தக் கை எட்டும் ஸ்விட்சு என்று கேட்டு வாங்குங்கள். நீந்தும்போது கூந்தலை முடித்துத் தொப்பி போட்டுக் கொள்ளச் சொல்லுங்கள்.

இனி வகையைத் தேர்ந்தெடுப்பது சிரமமில்லை. குறுகலான தெரு, கோணலான மனை, ஊற்று மண் என்றால் கான்கிரீட். லாரியும் கிரேனும் வர வழியிருந்து, தேய்க்க ஆள் இல்லையென்றால் ஃபைபர் கிளாஸ். முதல் செலவைக் குறைத்து, பின்னால் விரிப்பு மாற்றத் தயாராக இருப்பவர்களுக்கு வினைல்.

ஆனால் மதிப்பீடு எழுதும்போது வேலியை முதல் வரியில் போடச் சொல்லுங்கள். கடைசி வரியில் போட்டால், "அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்" என்று அடித்துவிடுவார்கள். வேலிக்குப் பணம் இல்லையென்றால், இந்த வருஷம் குளத்துக்கும் பணம் இல்லை என்றே வைத்துக் கொள்ளுங்கள். அந்த விடுமுறையில், ஆசிரியர் மேற்பார்வை உள்ள பொதுக் குளம் ஒன்றில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள். முடிந்தால் நீங்களும் சேர்ந்து கற்றுக் கொள்ளுங்கள். கரையில் துண்டோடு நிற்பதே நம் வேலை என்று யார் சொன்னது?