விளக்கை அணைத்தால் மட்டும் போதுமா?

அரிசியை விலை கேட்டு வாங்குகிறோம். கத்தரிக்காய்க்குக் கூடப் பேரம் பேசுகிறோம். பாலில் தண்ணீர் கூடினால் மறுநாளே பால்காரரை நிறுத்திக் கேட்கிறோம். மின்சாரத்தை மட்டும் விலையும் கேட்காமல், அளவும் பார்க்காமல் இரண்டு மாதம் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். பில் வந்த பிறகுதான் திடுக்கிடுகிறோம்.

அன்று இரவு வீட்டில் விசாரணை நடக்கும். "கூடத்து விளக்கை யார் அணைக்கவில்லை?" என்று குடும்பத் தலைவர் கேட்பார். பையன் அக்காளைக் காட்டுவான். அக்காள் பாட்டியைக் காட்டுவாள். இரண்டு நாள் வீடு இருட்டாக இருக்கும். மூன்றாம் நாள் பழைய கதைதான்.

இந்த மாதிரிச் சிக்கனத்தால் பயன் இல்லை. மின்சாரச் சிக்கனம் என்பது இருட்டில் உட்காருவது அல்ல, கணக்குப் போடுவது. அந்தக் கணக்கைக் குடும்பமும் ஒழுங்காகப் போடவேண்டும். மின்சார வாரியமும், வீட்டுச் சொந்தக்காரரும் நேர்மையாகப் போடவேண்டும்.

ஒரு கோடு, 305 ரூபாய்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதே நெடுநாள் வழக்கம். 2016-ம் ஆண்டு முதல் அதில் முதல் 100 யூனிட் இலவசமாயிற்று. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி கட்டணம் உயர்ந்தது. 2024-ம் ஆண்டு ஜூலையில் மறுபடியும் ஏறியது.

2022-ல் அறிவித்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு வந்த பில் ரூ.1,725. பக்கத்து வீட்டில் 510 யூனிட். அவர்களுக்கு ரூ.2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் அதிகம்!

காரணம் என்ன? 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு மேலே உள்ள யூனிட்டின் விலை மட்டும் கூடுவதில்லை. 101 முதல் 200 வரை ரூ.2.25 என்று கொடுத்த சலுகையும் போய், அதற்கும் ரூ.4.50 கட்டவேண்டும். இந்தக் கோட்டை அறியாதவர்கள் எத்தனையோ பேர். அறிந்தவர்களும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோமா, அந்தப் பக்கம் போய்விட்டோமா என்று பார்ப்பதில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் மீட்டரைப் பாருங்கள். காலண்டர் தாளில் எண்ணைக் குறித்து வையுங்கள். வாரத்துக்கு 56 யூனிட்டுக்குள் இருந்தால் 60 நாளில் 480-க்குள் நிற்கும். ஒரு வாரம் கூடிப்போனால் அடுத்த வாரம் சுருக்கிக்கொள்ளலாம். அறுபதாம் நாள் வருந்திப் பயன் என்ன?

பூசணிக்காய் எங்கே?

ஊசி போன இடத்தைத் தேடுவோம். பூசணிக்காய் போன இடம் தெரியாது. 9 வாட் எல்.இ.டி. விளக்கை தினம் ஐந்து மணி நேரம் எரித்தாலும் இரண்டு மாதத்தில் மூன்று யூனிட் ஆகாது. அதற்காகத்தான் குழந்தைகளைக் கோபிக்கிறோம்.

2,000 வாட் வெந்நீர் ஹீட்டரைப் பாருங்கள். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். ஏ.சி.க்கு மணிக்கு ஒரு யூனிட் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், இரவு எட்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட். இரண்டு மாதத்தில் 480! அது ஒன்றே நம்மைக் கோட்டின் அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ஏ.சி.யை 18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வதைவிட, 24-ல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழல விடுவது மேல்.

மின்விசிறியிலும் விஷயம் இருக்கிறது. 75 வாட் பழைய விசிறி தினம் 16 மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். 30 வாட்டில் ஓடும் புதிய ரகத்துக்கு 29 யூனிட்டே போதும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டும் என்பதில்லை. அதிக நேரம் சுழலும் விசிறியை முதலில் மாற்றுங்கள்.

மாலை 6 மணிக்கு மேல்

பில் ஒரு கவலை. மின்வெட்டு இன்னொரு கவலை. 2012-ம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. கோவை, திருப்பூர் பக்கத்துச் சிறு பட்டறைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அன்றைய நிலை இன்று இல்லை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகியிருக்கின்றன. ஆனால் தேவையும் வளர்ந்திருக்கிறது. 2024-ம் ஆண்டு கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. சூரியன் மாலையில் போய்விடுகிறது. நாமோ அப்போதுதான் வீடு திரும்பி எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிறோம். வெளியிலிருந்து அதிக விலைக்கு மின்சாரம் வாங்கவேண்டி வருவதும், தெரு டிரான்ஸ்பார்மர் தாங்காமல் போவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், மாவு அரைக்கும் கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி: இவை நான்கும் பகலில் ஓடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாரநாளில் இது முடியாது, உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைப் பகலிலாவது முடியும். அந்த வேலையில் ஆண்களும் கை கொடுத்தால் இன்னும் எளிது.

இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். இன்வெர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை; வாங்கி வைத்துத் தருகிறது. வைப்பதிலும் எடுப்பதிலும் கொஞ்சம் வீணாகவே செய்யும். அவசரத்துக்கு அது வேண்டும். தெரு முழுவதும் இருண்டுபோகாமல் காக்க அதனால் ஆகாது.

வாடகை வீட்டில்

இத்தனை சிக்கனமும் செய்து பயன் காணாத ஒரு கூட்டம் உண்டு. சில வீட்டுச் சொந்தக்காரர்கள் தனி மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே ஒரு விலை வைத்துவிடுகிறார்கள். குடியிருப்பவருக்கு இலவச 100 யூனிட்டும் இல்லை. சலுகை விலையும் இல்லை. அரசு கொடுப்பது நடுவழியில் நின்றுவிடுகிறது. வாடகை வாங்குவது சொந்தக்காரரின் உரிமை. மின்சாரத்தில் லாபம் வைப்பது எந்த ஊர் நியாயம்?

வாரியமும் கணக்குப் போடட்டும்

தினம் 8 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பம். 60 நாளில் 480 யூனிட். 2022-ம் ஆண்டு விகிதப்படி பில் ரூ.1,605. கணக்கெடுப்பவர் நாலு நாள் தாமதித்து வந்தால் 512 யூனிட், பில் ரூ.2,046. குடும்பம் ஒரு தவறும் செய்யவில்லை. கோடு தானாகவே தாண்டிவிட்டது! அடுத்த முறை 56 நாளில் வந்தால் கொஞ்சம் திரும்பும். முழுதும் திரும்பாது, ரூ.249 போனது போனதுதான்.

மாதந்தோறும் கணக்கெடுப்பு என்பது 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தன் அறிக்கையில் கொடுத்த வாக்குறுதி. இலவசத்தையும் சலுகை வரம்பையும் மாதத்துக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுத்துக் கணக்கெடுத்தால், செலவு கைமீறுவதைக் குடும்பங்கள் முப்பதாம் நாளே அறிந்துகொள்ளும். அதுவரையிலாவது குறித்த தேதியில் ஆள் வரவேண்டும். வராவிட்டால், கூடுதல் நாட்களுக்கு ஏற்ப வரம்பையும் உயர்த்திக் கணக்கிடவேண்டும். இது சலுகை அல்ல, நியாயம்.

மக்களுக்குச் சிக்கனத்தைப் போதிப்பவர்கள் தங்கள் பக்கத்துக் கணக்கையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். நாம் நம்முடையதை இன்றே தொடங்கலாம். இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? எழுந்துபோய் மீட்டரைப் பாருங்கள்.