ஜாலான் புசார்: வீடு மாறவில்லை, தொகுதி மாறிக்கொண்டே இருக்கிறது

கடந்த 2025 மே 3ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் ஜாலான் புசார் குழுத்தொகுதியை மக்கள் செயல் கட்சி (மசெக) 75.21 விழுக்காட்டு வாக்குகளுடன் தக்கவைத்துக்கொண்டது. நாடு முழுவதும் அக்கட்சிக்குக் கிடைத்தது 65.57 விழுக்காடு. 1959 முதல் ஜாலான் புசார் என்ற பெயரில் நடந்த எந்தப் பொதுத்தேர்தலிலும் வேறு கட்சி வென்றதில்லை. எனவே, இது மசெகவின் கோட்டை என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும்.

ஆனால் கோட்டைக்கு நிலையான மதில் வேண்டும். இந்தத் தொகுதியின் மதில் பலமுறை இடம் மாறியிருக்கிறது. எதிர்த்து நின்ற கட்சிகளும் மாறியிருக்கின்றன. லிட்டில் இந்தியாவின் தெருக்களில் பல இதற்குள் இருப்பதால், அதன் வரலாற்றைத் தமிழர்கள் சற்று நின்று பார்ப்பது நல்லது.

சிறிய தொகுதிகளின் காலம்

மலாய் மொழியில் ஜாலான் புசார் என்றால் பெரிய சாலை. 1959ல் 51 இடங்களுக்கு நடந்த சட்டமன்றத் தேர்தலில் இது ஓர் உறுப்பினர் தொகுதி. மசெகவின் சான் சீ செங் அங்கு வென்று, 1984 வரை தொடர்ந்து உறுப்பினராக இருந்தார். 1961 ஜூலையில் அரசாங்கம் கவிழுமா என்ற நிலையில் நம்பிக்கைத் தீர்மானம் வந்தபோது, மருத்துவமனையில் இருந்த சிக்லாப் உறுப்பினர் சஹோரா அகமதைச் சந்தித்து வாக்களிக்க இணங்க வைத்தவர் இவர்தான். ஆதரவு 27, எதிர்ப்பு 8, நடுநிலை 16 என்ற கணக்கில் அரசாங்கம் தப்பியது.

அப்போது சுற்றிலும் சிறு சிறு தொகுதிகள் இருந்தன. 1959ல் பக்கத்துக் கம்போங் கபூரில் தொழிற்சங்கத் தலைவர் ஜி. கந்தசாமி மசெக சார்பில் வென்றார். ஃபேரர் பார்க்கில் ஏ.பி. ராஜா சுயேச்சையாக வென்றார். பின்னர் அவர் நாடாளுமன்ற நாயகரானார். 1963ல் ரோச்சோர் தொகுதியில் மசெக தலைவர் டோ சின் சாய், பாரிசான் சோசியலிஸ் கட்சியின் டாக்டர் லீ சியூ சோவைவிட 89 வாக்குகள் மட்டுமே கூடுதலாகப் பெற்றார். நான்கைந்து தெருக்காரர்கள் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். செராங்கூன் சாலையைச் சுற்றித் தமிழர்கள் குடியிருந்த அந்தக் காலத்தில், தமிழ் வேட்பாளருக்கும் தமிழ் வாக்காளருக்கும் அங்கே தனி எடை இருந்தது.

நகர்ந்த கோடுகள்

1984ல் டாக்டர் லீ பூன் யாங் ஜாலான் புசார் உறுப்பினரானார். 1988ல் குழுத்தொகுதி முறை வந்தபோது அமைக்கப்பட்ட முதல் 13 குழுத்தொகுதிகளில் இதுவும் ஒன்று. அப்போது மூன்று உறுப்பினர்கள். 2001க்குள் ஐந்து உறுப்பினர்கள். இதற்கிடையே 1999ல் ஜாலான் புசார் உறுப்பினர் ஒருவர் பதவி விலகினார். இடைத்தேர்தல் நடக்கவில்லை. குழுத்தொகுதியில் எல்லா உறுப்பினர்களும் விலகினால்தான் இடைத்தேர்தல் என்பது சட்டம்.

2011ல் ஜாலான் புசார் என்ற பெயரே வாக்குச்சீட்டிலிருந்து மறைந்தது. ஒரு பகுதி மோல்மீன்-காலாங் குழுத்தொகுதிக்குள் போனது. வாம்போ தனித்தொகுதியானது. கிரேத்தா ஆயர் வட்டாரம் தஞ்சோங் பகாருடன் சேர்க்கப்பட்டது. 2015ல் நான்கு உறுப்பினர்களுடன் ஜாலான் புசார் குழுத்தொகுதி மீண்டும் பிறந்தது.

இதை வாக்காளரின் வீட்டு வாசலிலிருந்து பாருங்கள். வாம்போவில் ஒரே வீவக வீட்டில் குடியிருப்பவர் 2006ல் குழுத்தொகுதிக்கும், 2011ல் தனித்தொகுதிக்கும், 2015ல் மறுபடி குழுத்தொகுதிக்கும் வாக்களித்தார். கிரேத்தா ஆயர்க்காரருக்கோ 2011ல் வாக்களிக்கும் வாய்ப்பே இல்லை. தஞ்சோங் பகாரில் போட்டியிட வந்த சுயேச்சை அணி 35 விநாடி தாமதமாக வந்ததால் வேட்புமனு ஏற்கப்படவில்லை; மசெக போட்டியின்றி வென்றது. அந்த ஆண்டு போட்டியில்லாத ஒரே தொகுதி அதுதான்.

இந்த மாற்றங்களைப் பரிந்துரைப்பது தேர்தல் தொகுதி எல்லை மறுஆய்வுக் குழு. மக்கள்தொகை நகர்வதும் புதிய வீடுகள் எழுவதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அந்தக் காரணங்கள் உண்மையானவையே. ஆனால் 2015ல் அறிக்கை வெளியான 49 நாளில் வாக்களிப்பு. 2025ல் 53 நாளில். தன் உறுப்பினர் ஐந்தாண்டில் என்ன செய்தார் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கும் வாக்காளர், அந்தக் கணக்கை யாரிடம் காட்டுவது என்பதே அவருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது.

எதிரில் நின்றது யார்?

கடந்த ஐந்து தேர்தல்களில் இந்த வட்டாரத்தில் நான்கு வெவ்வேறு எதிர்த்தரப்புகள் போட்டியிட்டன. மசெகவின் வாக்கு விகிதத்தை அதன் நாடளாவிய விகிதத்துடன் ஒப்பிட்டால் ஒரு போக்கு தெரிகிறது.

2006ல் எதிர்த்தது சிங்கப்பூர் ஜனநாயகக் கூட்டணி. மசெகவுக்கு இங்கே 69.26 விழுக்காடு, நாட்டில் 66.6. 2011ல் மோல்மீன்-காலாங்கில் எதிர்த்தது பாட்டாளிக் கட்சி. இங்கே 58.55, நாட்டில் 60.14. 2015ல் மீண்டும் பாட்டாளிக் கட்சி. இங்கே 67.75, நாட்டில் 69.86. 2020ல் மக்கள் குரல் கட்சி. இங்கே 65.36, நாட்டில் 61.24. 2025ல் சீர்திருத்தத்திற்கான மக்கள் கூட்டணி. இடைவெளி ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளிகள்.

பாட்டாளிக் கட்சி நின்ற இருமுறையும் மசெக இங்கே தேசிய அளவுக்குக் கீழே இறங்கியது. மற்ற மூன்று முறையும் மேலே ஏறியது. ஆக, 75 விழுக்காடு என்பது ஆளுங்கட்சி மீதான நம்பிக்கையை மட்டும் காட்டவில்லை. எதிரில் நின்றவர்கள் மீதான மதிப்பீடும் அதில் கலந்திருக்கிறது. பாட்டாளிக் கட்சி 2015க்குப் பிறகு இங்கே வரவில்லை. அதற்குப் பின் எந்தக் கட்சியும் இருமுறை தொடர்ந்து வந்து வேர் பிடிக்கவில்லை.

கூட்டம் இங்கே, வாக்கு எங்கே?

லிட்டில் இந்தியா இருப்பதால் இது ‘இந்தியர் தொகுதி’ என்று வெளியூர்த் தமிழர்கள் நினைப்பதுண்டு. உண்மை வேறு. சட்டப்படி குழுத்தொகுதிகளில் ஐந்தில் மூன்று பங்கில் மலாய்ச் சமூக வேட்பாளர் ஒருவர் கட்டாயம். மற்றவற்றில் இந்தியர் அல்லது பிற சிறுபான்மைச் சமூகத்தவர். ஜாலான் புசார் மலாய் வேட்பாளருக்குரிய பட்டியலில் உள்ளது. மசெக அணியில் டாக்டர் யாக்கோப் இப்ராஹிமும் அவருக்குப் பின் டாக்டர் வான் ரிசாலும் அப்படி வந்தவர்கள். 2011 முதல் இந்த வட்டாரத்தில் நின்ற தமிழர்கள் எதிர்த்தரப்பிலிருந்தே வந்தனர்: 2011லும் 2015லும் எல். சோமசுந்தரம், 2025ல் விக்னேஸ்வரி ராமச்சந்திரன்.

தமிழ் வாக்காளர்களோ தீவெங்கும் பரவியிருக்கிறார்கள். 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு உண்டு. இலங்கையின் நுவரெலியாவில் தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளி அங்கேயே வாக்களிக்கிறார். அதனால் மலையகத் தலைமைக்கு அங்கே பேரம் பேசும் பலம் இருக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இந்தியர்கள் பெரும்பான்மையினர் அல்லர். ஆனாலும் அந்த வாக்கு 2008ல் டத்தோ ஸ்ரீ சாமிவேலுவின் தோல்விக்குப் பங்களித்தது. சிங்கப்பூரில் அப்படி ஒரு திரட்சி எந்தத் தொகுதியிலும் இல்லை.

இதன் விளைவை 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகு கண்டோம். மது விற்பனைக்கும் அருந்துவதற்கும் கட்டுப்பாடு, ஞாயிறு பேருந்துச் சேவையில் மாற்றம் என்று வட்டாரத்தின் நடைமுறைகள் மாறின. 2016ல் தொகுதி உறுப்பினர் டெனிஸ் புவா, பெருங்கூட்டம் கூடுவது பற்றி நாடாளுமன்றத்தில் கடும் சொற்களில் பேசினார்; பின்னர் அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டார். அவர் எடுத்துச் சொன்னது தம் குடியிருப்பாளர்களின் குறையை. அது உறுப்பினரின் கடமை. ஆனால் ஞாயிறு அன்று கூடும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. கடைக்காரர் வேறொரு பேட்டையில் குடியிருந்தால் அவர் வாக்கும் இங்கே இல்லை. அந்த விவாதத்தில் அவர்கள் பேசப்பட்டார்கள்; அவர்களுக்காகப் பேசத் தொகுதி உறுப்பினர் என்று ஒருவர் இல்லை.

எனவே லிட்டில் இந்தியாவின் வாடகை, போக்குவரத்து, மரபுக் கடைகள், ஊழியர்களுக்கான இடம் ஆகியவற்றை ஜாலான் புசாரின் நான்கு உறுப்பினர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. ஈசூனிலும் உட்லண்ட்சிலும் ஜூரோங்கிலும் இருக்கும் தமிழர், தம் சொந்தத் தொகுதி உறுப்பினரை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் பார்த்து இதைக் கேட்கலாம். பொருள் வாங்க ஞாயிறு தேக்காவுக்கு வருவது போல, அங்குள்ள பிரச்சினையைத் தம் வட்டாரத்துக்கு எடுத்துச் செல்லவும் பழகிக்கொள்ள வேண்டும். அடுத்த தேர்தலில் தொகுதியின் பெயரும் எல்லையும் எப்படி மாறினாலும் அந்தப் பழக்கம் பயன்படும்.