பட்டாவுக்கா பணம்? பாடுபடுறவனுக்கா?

 

2025 நவம்பர் 19 அன்று பிரதமர் நம்ம கோயம்புத்தூருக்கே வந்து கிசான் நிதியின் 21-வது தவணையை விடுவித்தார். நாடு முழுக்க 9 கோடி விவசாயிகளுக்கு 18,000 கோடி ரூபாய் என்று பேப்பரிலும் டி.வி.யிலும் ஒரே முழக்கம். பணம் வந்தவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் தெருவில் ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். சேற்றில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர்? செல்போனில் இரண்டாயிரம் ரூபாய் மெசேஜ் வந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

யாருக்கு உண்டு? யாருக்கு இல்லை?

2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் இது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். அதே வருஷம் ஜூன் முதல் எத்தனை ஏக்கர் இருந்தாலும் உண்டு என்று மாற்றினார்கள். வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர் (கடைநிலை ஊழியர் தவிர), மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் பென்ஷன் வாங்குபவர், எம்.பி., எம்.எல்.ஏ., தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர் இவர்களுக்குக் கிடையாது. இதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. 1-2-2019 அன்று நிலம் உங்கள் பேரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரயம் வாங்கியிருந்தால் கிடையாது. வாரிசாக வந்திருந்தால் மட்டும் உண்டு. ஆக, பத்து ஏக்கரையும் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் குடியிருப்பவர், மேலே சொன்ன விலக்குகளில் வராவிட்டால், விவசாயி! அந்தப் பத்து ஏக்கரை உழுது, நாற்று விட்டு, களை எடுத்து, மழையில் சாய்ந்த கதிரை நிமிர்த்திக் கட்டுகிறவர் விவசாயி இல்லை! மாமனார் பேரில் பட்டா இருக்கிற நிலத்தில் ஆயுசு முழுக்க நடவு நட்ட மருமகளும் விவசாயி இல்லை!

கோயில் நிலத்தைப் பாருங்கள். அறநிலையத் துறைக் கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் இருக்கிறது. பட்டா சாமி பேரில். நிறுவனங்களின் நிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது என்பது விதி. ஆக, சாமிக்கும் வராது. தலைமுறை தலைமுறையாகக் குத்தகை அளந்து சாகுபடி பண்ணுகிறவனுக்கும் வராது!

ஒரே அரசாங்கம், இரண்டு நாக்கு

எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கைகளுக்குப் பிறகு 2007-ல் மத்திய அரசு தேசிய விவசாயிகள் கொள்கையை வெளியிட்டது. அதில் 'விவசாயி' என்றால் குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளி எல்லாரும் சேர்த்தி. 2016-ல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம். பிரீமியம் வாங்கும்போது விவசாயி, பணம் கொடுக்கும்போது மட்டும் வேற்றாளா? இது எந்த ஊர் நியாயம்?

"குத்தகைதாரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் போட்டீர்களே, அது எதற்கு? வி.ஏ.ஓ. எழுதும் அடங்கல் எதற்கு? ஒடிசாவில் 2018 கடைசியில் அறிவித்த 'காலியா' திட்டத்தில் வாரதாரரையும் நிலமற்றவரையும் சேர்த்தார்களே, அவர்களால் எப்படி முடிந்தது?

பட்டா கேட்டதால் மோசடி நின்றதா? 2020-ல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் என்ன நடந்தது? துறையின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியே லட்சக்கணக்கான போலிப் பேர்களைச் சேர்த்தார்கள். 110 கோடி ரூபாய் போனது என்று அரசே சொன்னது. விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. வேலியே பயிரை மேய்ந்த கதை! ஏர் பிடிக்காதவன் கம்ப்யூட்டர் வழியாக உள்ளே போனான்; ஏர் பிடிக்கிறவன் கதவுக்கு வெளியே நின்றான்.

கொரோனா காலத்தை மறந்துவிட்டோமா? 2020 மார்ச் 26-ல் 1.70 லட்சம் கோடி நிவாரணம் அறிவித்தார்கள். அதில் 8.7 கோடி விவசாயிகளுக்குத் தலா 2,000 ரூபாய். அது புதுப் பணமா? எப்படியும் வர வேண்டிய அந்த வருஷத்து முதல் தவணை! நமக்குச் சேர வேண்டியதையே எடுத்து நிவாரணக் கணக்கில் எழுதினார்கள். 2021-ல் தமிழக அரசு அரிசி கார்டுக்கு 4,000 ரூபாய் கொடுத்ததே, யாரிடமாவது பட்டா கேட்டதா? மனமிருந்தால் வழி உண்டு.

பட்டாதாரர் பயப்பட வேண்டாம்

"குத்தகைதாரன் பேரை எழுதினால் நிலம் போய்விடும்" என்று நம்மிலேயே சிலர் நினைக்கிறோம். ஐந்து ஏக்கர்காரனும் ஒரு ஏக்கர் குத்தகைக்காரனும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். நிலத்தின் உரிமை வேறு, இந்தப் பருவத்தில் யார் சாகுபடி செய்தார் என்ற சான்று வேறு. சொந்த நிலத்தில் பாடுபடுகிற ஒருத்தர் பணத்தையும் குறைக்கச் சொல்லவில்லை. விடுபட்டவர்களைச் சேர்க்கத்தான் சொல்கிறோம். இன்று அவசியமும் கூட: 2025-ல் முகாம் போட்டு விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுத்தபோதும் பட்டாவைத்தான் கேட்டார்கள். அந்தப் பட்டியலிலும் விடுபட்டால் நாளைக்கு எந்த உதவிக்கும் நாம் கணக்கிலேயே இருக்க மாட்டோம்!

நமது கோரிக்கைகள்:

1. குத்தகை, வாரம், கோயில் நிலச் சாகுபடியாளர் அனைவருக்கும் கிசான் நிதியும் அடையாள எண்ணும் கொடு!

2. குத்தகைப் பதிவேடு, கோயில் குத்தகை ரசீது, அடங்கல் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஏற்றுக்கொள்!

3. டெல்லி மறுத்தால் மாநில அரசே கொடு!

4. தொகையை 12,000 ஆக்கு! நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024 டிசம்பரில் இதைச் சொல்லிவிட்டது. 6,000 என்பது நாளுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். ஒரு டீயும் வடையும் கூடத் தேறாது.

5. தவணையை நிறுத்தினால் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடு!

தோழர்களே! சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையில் கூடி, அண்ணாசாலையைக் கடந்து, சேப்பாக்கம் வேளாண்மை இயக்குநர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகப் போகிறோம். நாம் கூடும் இடத்துக்கும் ஒரு கதை உண்டு. சின்னத்தறிப்பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவுக்காகவே உண்டாக்கிய ஊர் அது. நூற்பவர், நெய்பவர், அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களுக்குத்தான் அங்கே முதலிடம் கொடுத்தார்கள். கொள்ளை லாபத்துக்கு வந்த கம்பெனிக்காரனே தறியில் உட்காருகிறவன் யார் என்று பார்த்தான். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு, ஏர் பிடிக்கிறவன் யார் என்று பார்க்காதா?

நாளும் நேரமும் கிளைச் சங்கத்தில் சொல்லப்படும். வரும்போது ஆதார் நகல், குத்தகை ரசீது, அடங்கல் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஒன்றும் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். கையில் இருக்கிற காய்ப்பே சாட்சி. பெண்கள் அவசியம் வர வேண்டும். தவணை நின்றுபோனவர்கள் 155261 என்ற எண்ணில் கேளுங்கள்; அவர்கள் சொல்லும் காரணத்தை எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள்.

பாடுபடுபவரே விவசாயி!
அடங்கலே ஆதாரம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்