பூனை இருக்கும் வீட்டுக்கு எந்த அலாரம்?

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும். மும்பையில் தாராவி, சயான், ஆண்டாப்ஹில், செம்பூர் பகுதிகளில் பல வீடுகளில் பூட்டுத் தொங்கும். நம்மவர்கள் மூட்டை முடிச்சுகளோடு நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் ரெயில் ஏறிவிடுவார்கள். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரிகிறதோ இல்லையோ, திருடனுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பயத்தினால்தான், ஆலைத் தொழிலாளியும் ஆபீஸ் குமாஸ்தாவும்கூட இப்போது கம்பியில்லாத் திருட்டு அலாரம் பற்றி விசாரிக்கிறார்கள். அது நல்லதுதான். சுவரை உடைக்க வேண்டாம். ஒயர் இழுக்க வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது.

ஆனால் வீட்டில் நாயோ, பூனையோ இருந்தால்? அங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிராணி வளர்க்கும் வீட்டுக்காரர்கள், அறைக்குள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கதவையும் ஜன்னலையும் காக்கும் கருவியை வாங்குங்கள். ஏன் என்று பார்ப்போம்.

எடை பார்ப்பதில்லை

நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவி, உடம்பிலிருந்து வரும் வெப்பத்தைப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் வில்லை, அறையை விசிறி மடிப்புப் போலப் பல பகுதிகளாகப் பிரிக்கிறது. சூடான ஓர் உடல் ஒரு மடிப்பிலிருந்து இன்னொரு மடிப்புக்கு நகர்ந்தால் மணி அடிக்கிறது. அது மனிதனா, பூனையா என்பது அதற்குத் தெரியாது.

"பிராணிகள் இருந்தாலும் அடிக்காது" என்று சொல்லி விற்கப்படும் வகையும் உண்டு. பெட்டியின் மேல் 18 கிலோ, 25 கிலோ, 36 கிலோ என்று எழுதியிருக்கும். வாங்குகிறவர், "நம் நாய் பத்துக் கிலோதானே" என்று நிம்மதியாகப் பணத்தைக் கொடுக்கிறார். சுவரில் மாட்டிய கருவி நாயை எப்படி எடை போடும்? தரையை ஒட்டி நகரும் சிறிய வெப்பத்தை விட்டுவிட்டு, நிமிர்ந்து நடக்கும் பெரிய வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆகவே நாய் தரையில் நடக்கும்வரை சரி. பூனை பீரோ மேல் ஏறினால்? பரணுக்குத் தாவினால்? கருவிக்கு நேர் எதிரே, இரண்டடி தூரத்தில் வரும் பூனை, அதன் பார்வையில் ஆள் அளவுக்குத் தெரியும். நமது பத்துக்குப் பன்னிரண்டு அறைகளில் பீரோவும் பரணும் கட்டிலும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. பூனை ஏறாத இடம் எது?

பல்லியையும் மறந்துவிடக் கூடாது. வில்லையின் மேலேயே ஒரு பல்லி ஊர்ந்தால் போதும், நடுராத்திரியில் சங்கு ஊதிவிடும். வீட்டில் பிராணி வளர்க்காதவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

மே மாத வெப்பம்

இன்னொரு குறையும் இருக்கிறது. மனிதனின் உடல் வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. மே மாதத்தில், தகரக் கூரை போட்டுப் பூட்டிய அறைக்குள் இருக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறிவிடுகிறது. சுவரும் சூடு, ஆளும் சூடு. வித்தியாசம் குறைந்தால் கருவியின் பார்வையும் மங்கும். பூனைக்குக் கத்துகிற கருவி, திருடன் வரும்போது தடுமாறக்கூடும் என்றால் அதை எப்படி முழுதாக நம்புவது?

பொய்யாக அடிக்கும் மணியால் வரும் கேடு பெரியது. முதல் நாள் பக்கத்து வீட்டார் ஓடி வருவார்கள். இரண்டாம் நாள் எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் திட்டுவார்கள். "புலி வருது, புலி வருது" என்று கத்திய பையனின் கதைதான். கடைசியில் நாமே அலாரத்தை அணைத்து வைத்துவிடுவோம். அணைத்து வைத்த அலாரம் அரைக்காசு பெறாது.

கதவைக் காக்கட்டும்

கதவில் பொருத்தும் கருவி மிக எளிமையானது. இரண்டு துண்டுகள். ஒன்று கதவில், ஒன்று நிலையில். ஒன்றில் காந்தம் இருக்கிறது. கதவு திறந்து இரண்டும் விலகினால் மணி அடிக்கும். உள்ளே பூனை குதித்தாலும் குட்டிக்கரணம் போட்டாலும் அதற்குக் கவலை இல்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் நாய் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இதுதான் ஏற்றது. இரும்புக் கதவாக இருந்தால், இரும்புக் கதவுக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணக் காந்தத்தின் வேலையை இரும்பு கெடுத்துவிடும்.

"திருடன் கதவு வழியாகத்தான் வருவான் என்று என்ன நிச்சயம்? கூரைத் தகட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கினால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு வழி உண்டு. ஜன்னல் கிரில்லிலும் பரண் பக்கத்திலும் அதிர்வை உணரும் கருவியைப் பொருத்தலாம். பூனை வந்து உட்காரும் ஜன்னலாக இருந்தால் அதன் கூர்மையைக் குறைத்து வைக்க வேண்டும். இரண்டு அறை உள்ளவர்கள், பீரோ இருக்கும் அறையைச் சாத்திவிட்டு, பிராணி நுழைய முடியாத அந்த அறையில் மட்டும் நடமாட்டக் கருவியை மாட்டலாம். சுமார் ஏழடி உயரத்தில் நேராக மாட்ட வேண்டும். பிராணிகளுக்கென்று விற்கும் கருவியைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அதன் கணக்கே தப்பிவிடும்.

மெயின் சுவிட்ச்

ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். முன்னெச்சரிக்கைதான். ஆனால் அலாரப் பெட்டி என்ன ஆகும்? உள்ளே இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். ரெயில் ஊர் போய்ச் சேருமுன்பே அலாரம் செத்துப் போயிருக்கும்! பெட்டிக்கு மட்டும் மின்சாரம் போகும்படி மற்ற சுவிட்சுகளை அணைப்பதே சரி.

கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் ஓடும்? சென்சாரின் பேட்டரி தீரப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லுமா? இதில் எந்தச் சிம் கார்டு போட வேண்டும்? மூன்றாவது கேள்வி முக்கியம். மலிவான பெட்டிகள் பல 2ஜியில் மட்டும் வேலை செய்கின்றன. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. அந்தச் சிம்மை அதில் போட்டால் பெட்டி ஊமையாகிவிடும். வைஃபையை மட்டும் நம்பும் பெட்டியானால், மின்சாரம் போய் ரவுட்டர் நின்றதும் தகவலும் நின்றுவிடும். சிம்மின் ரீசார்ஜ் காலம் நீங்கள் திரும்பி வரும்வரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் ஓடி வருவது?

எல்லாம் சரியாக இருக்கிறது. நள்ளிரவில் உங்கள் போன் அடிக்கிறது. நீங்கள் இருப்பதோ திருநெல்வேலியில். தாராவிக்கு எப்படி ஓடி வருவீர்கள்? 112க்குப் போன் செய்யலாம். அதற்கு முன்பே ஓடி வரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆகவே பெட்டியில் பதியும் எண்களில் அவருடைய எண்ணும் இருக்க வேண்டும். அவர் மராட்டியராக இருக்கலாம், உத்தரப்பிரதேசக்காரராக இருக்கலாம். ஆபத்துக்கு உதவுகிறவரே உறவினர். தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போகும்போது அவர் வீட்டை நாம் பார்த்துக்கொண்டால், மே மாதத்தில் நம் வீட்டை அவர் பார்த்துக்கொள்வார்.

நகையைப் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டுப் போவது எந்த அலாரத்தையும்விட மேல். பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டுகளும் ரேஷன் கார்டும் வீட்டில் எங்கே இருக்கின்றன என்பதை வெளியாருக்குச் சொல்லாதீர்கள். "குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டு ஊரெல்லாம் தண்டோரா போடாதீர்கள்.

வாயில்லா ஜீவன்

கடைசியாக ஒன்று. வீட்டைக் காக்கட்டும் என்று நாயை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு, பத்து நாள் ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சட்டித் தண்ணீரும் ஒரு தட்டுச் சோறும் பத்து நாளைக்குப் போதுமா? போதிய உணவும் தண்ணீரும் இல்லாமல் பிராணியை வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், அது பாவம் இல்லையா? பூட்டிய அறைக்குள் சங்கு அலறினால், நம்மைவிடக் கூர்மையான காதுள்ள அந்த ஜீவன் எங்கே போய் ஒளியும்?

இன்னும் சிலர், "அலாரம் வாங்கியாகிவிட்டது, இனி நாய் எதற்கு?" என்று தெருவில் விட்டுவிடுகிறார்கள். சோறு போட்டவனுக்காக இத்தனை நாள் குரைத்த வாயில்லா ஜீவனுக்கு இதுவா கூலி?

ஊருக்குப் போகுமுன் நாயை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படையுங்கள். பூனைக்குச் சோறு வைக்கப் பக்கத்து வீட்டு அம்மா வருவார் என்றால், அலாரத்தை நிறுத்தவும் திரும்பப் போடவும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் சாவி போட்டுக் கதவைத் திறந்ததும் சங்கு ஊதி, உபகாரம் செய்ய வந்தவரைத் தெருவே திருடியாகப் பார்க்கும்படி விட்டுவிடாதீர்கள்.

நல்ல பூட்டு, கதவில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு நல்ல மனிதர். வியர்வை சிந்திச் சேர்த்ததைக் காக்க இந்த மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் கடையில் கிடைக்கும். மூன்றாவதை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். ரெயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போதே அதற்கும் வழி பாருங்கள்.