வண்டி வந்து சேர்வது அதிசயமா?

ரயில்வே குமாஸ்தாவிடம் கவிதையைப் பற்றிப் பேசுகிறவர் அரியர். நாம் நாள்தோறும் புரட்டும் கால அட்டவணையே உயர்ந்த கவிதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஜி. கே. செஸ்டர்டன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1908-இல் வெளியிட்ட 'வியாழக்கிழமையாக இருந்த மனிதன்' என்ற நாவலில் அப்படித்தான் வாதிக்கிறார். இரவுப் பணியில், வண்டிக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட ஓய்வில் அதைப் படித்து முடித்தோம். மெட்ரிகுலேஷன் ஆங்கிலத்துக்கு நூல் சற்றுக் கடினமே. அகராதி மேசையைவிட்டு அகலவில்லை.

கதை லண்டன் புறநகர் ஒன்றில் தொடங்குகிறது. கிரெகரி என்னும் கவிஞன், ஒழுங்கே கவிதைக்குப் பகை என்கிறான். அடுத்த நிலையம் இன்னதென்று தெரிந்துவிடுவதால்தான் ரயிலில் செல்வோர் முகம் வாடிக் கிடக்கிறதாம். சைம் என்னும் மற்றொரு கவிஞன் மறுக்கிறான். தவறிப்போவது எளிது, வண்டி குறித்த நிலையத்துக்கே வந்து சேர்வதுதான் அதிசயம் என்பது அவன் கட்சி. பைரனின் பாட்டினும் பிராட்ஷா என்னும் ரயில் அட்டவணையே அவனுக்குப் பெரிது. மழைக்காலத்தில் விசாரணைச் சன்னலுக்கு உட்புறம் ஒரு மணி நேரம் அமர்ந்தவர் எவரும் சைம் பக்கமே சேருவர்.

சைம் உண்மையில் துப்பறிவோன். முகம் காட்டாத ஒருவர், இருட்டறையில் அவனை அப்பணியில் அமர்த்தியிருக்கிறார். அவன் அராஜகவாதிகளின் மேல்சபையில் நுழைந்துவிடுகிறான். அங்குள்ள எழுவருக்கும் கிழமைகளே பெயர், சைம் வியாழன், தலைவர், மலைபோன்ற உடல் படைத்த ஞாயிறு. (முடிவையும் சொல்லிவிடப் போகிறோம், பொறுத்தருள்க.) ஒவ்வொருவராக வேடம் கலைகிறது. ஞாயிறு நீங்கலாக அறுவரும் போலீஸாரே! ஒவ்வொருவரும் தாம் மட்டுமே தனியர் என்று நடுங்கியவர்கள். ஞாயிற்றைத் துரத்தினால் அவர் யானைமேலும் பலூனிலும் ஏறித் தப்பி, பொருளற்ற துண்டுச் சீட்டுகளை வீசுகிறார். இருட்டறையில் அறுவரையும் பணியில் அமர்த்தியவரும் அவரேயாம். நடுவே பிரான்சு நாட்டில் நிகழும் ஓட்டம் மட்டும் நமக்கு நீளமாகவே பட்டது.

இத்தனை கூத்தும் எதற்கு? இறுதியில் கிரெகரி வந்து, நீங்கள் துன்பமே அறியாத ஆட்சியாளர் என்று குற்றம் சாட்டுகிறான். அப்போதுதான் சைமுக்கு விளங்குகிறது: அந்தப் பழியை மறுக்கும் உரிமை வேண்டியே ஒவ்வொருவரும் தனிமையில் அஞ்சவேண்டியிருந்தது. பிறகு அவன் ஞாயிற்றை நோக்கி, நீர் துன்புற்றதுண்டா என்று கேட்கிறான். இருளிலிருந்து, ஏசுநாதர் சீடரைக் கேட்ட கேள்வியொன்றே விடையாக வருகிறது. பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்ட சொக்கநாதரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவ்விடம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அங்கே அடி எல்லார் முதுகிலும் விழுந்து உண்மை வெளிப்படுகிறது; இங்கே கேள்வியோடு நிற்கிறது.

ஆசிரியர் நம் நாட்டுக்கு முற்றிலும் புதியவரல்லர். இந்தியத் தேசியம் பற்றி 1909-இல் அவர் எழுதிய கட்டுரையைக் காந்தியடிகள் லண்டனில் படித்து மதித்தார். 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியதும் அவ்வாண்டிலேயே.

இவ்வூருக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டு நமக்கு நினைவுக்கு வந்தது. எதிர்மேசைக்காரர் நம்மோடு ஒரு சொல்லும் பேசமாட்டார். மதராஸி என்ற இளக்காரம் என்றே எண்ணி, நாமும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பதினோரு மாதம் கழித்து, வண்டி தாமதமான ஓர் இரவில் அவரே தேநீர் நீட்டினார். அவரும் தொலைவூர்க்காரர், உள்ளூர் மொழி தடுமாறும். நம்மை உள்ளூர்க்காரர் என்று நினைத்து அஞ்சியிருந்தாராம்!

நூலைச் சங்க நூலகத்தில் சேர்த்துவிட்டோம். அகராதியையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.